திராட்சைக்காய்ச் சாறு

எட்டாத கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போன நரியின் கதையை அறியாத மாணவர் இலர். "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்று அது சொன்னதாக நாம் வழங்கிவருகிறோம். இவ்வழக்கில் ஒரு சிறு முரண் உண்டு. பழுத்த திராட்சை புளிக்காது. புளித்ததென்றால் அது இன்னும் பழமாகவில்லை. ஈசாப்பின் பெயரால் வழங்கும் கிரேக்கக் கதையில் நரி 'ஓம்பக்கெஸ்' என்னும் சொல்லைக் கூறுகிறது. பழுக்காத திராட்சைக்காய்கள் என்பதே அச்சொல்லின் பொருள். ஆகவே நரி தாவர நூலுக்கு இசையத்தான் பேசியிருக்கிறது. நாம்தான் காயைப் பழமாக்கிவிட்டோம். நரிக்குத் தெரியாமற்போன செய்தி ஒன்று உண்டு. அந்தக் காய்களையே தேடிப் பறித்து, பிழிந்து, சாற்றைச் சேமித்து வைத்து, சமையலுக்கும் மருந்துக்கும் பயன்படுத்திய மக்கள் அக்காலத்து மத்தியதரைக் கடலோர நாடுகளில் இருந்தார்கள்.

அந்தச் சாற்றைப் பற்றியும் அதனை வீட்டில் செய்துகொள்ளும் முறையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். அடுப்படியில் இரண்டு மணி நேரமும், தெளிவதற்கு ஓர் இரவும் போதும். ஆயினும், ஒவ்வொரு படியிலும் 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே செய்யவேண்டிய வேலை இது. கேளாமற் செய்தால் சாறு கெடும். புட்டி வெடிப்பதும் உண்டு. அவற்றினும் பெரிய தீங்கு ஒன்று நேரவும் கூடும். அதனை உரிய இடத்தில் சொல்லுகிறேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். பிரெஞ்சு மொழியில் இதற்கு 'வெர்ழூ' என்று பெயர். 'வெர்' என்றால் பச்சை, 'ழூ' என்றால் சாறு. ஆங்கிலேயர் அதனை 'வெர்ஜூஸ்' என்று மாற்றிக்கொண்டனர். அவர்கள் நாட்டில் திராட்சை அரிதாகையால், காட்டு ஆப்பிளைப் பிழிந்து அதற்கும் அந்தப் பெயரையே இட்டுவிட்டனர். பாரசீகர் இதனை 'ஆப் கூரே' என்பர். 'கூரே' என்பது திராட்சைக்காய். 'ஆப்' என்பது நீர். ஐந்து நதிகள் பாயும் பஞ்சாபின் பெயரில் உள்ளதும் அந்த 'ஆப்' தான். அரபு மொழியில் 'ஹிஸ்ரிம்' என்று சொல்லுவர். நம் மொழியில் இதற்குத் தனிப்பெயர் வழங்கக் கேட்டதில்லை. ஆகையால் இப்பேச்சில் காய்ச்சாறு என்றே குறிப்பிடுகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். அந்த வழியில், நம் வீட்டுப் புளிப்பானையிலிருந்து தொடங்குவோம். எலுமிச்சையும் புளிக்கிறது, புளியும் புளிக்கிறது; ஆனால் இரண்டும் ஒரே புளிப்பா? கண்ணை மூடிக்கொண்டு நாவில் வைத்தாலும் வேறுபாடு தெரியும். எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக் அமிலம். புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். புளியஞ்சதையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 18 பங்கு வரை அந்த அமிலமே இருக்கிறது. கனி வகைகளில் டார்டாரிக் அமிலத்தை இவ்வாறு மிகுதியாகத் திரட்டிவைப்பவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று புளி, மற்றொன்று திராட்சை. கொல்லையில் நிற்கும் புளியமரமும் பந்தலில் படரும் திராட்சைக்கொடியும் குலத்தால் வேறானவை, புளிப்பால் உறவினர்.

திராட்சையில் இன்னோர் அமிலமும் உண்டு. ஆப்பிளில் மிகுதியாக இருக்கும் மாலிக் அமிலம் அது. இவ்விரண்டையும் கண்டறிந்தவர் ஸ்வீடன் நாட்டு இரசாயன நூல் வல்லுநர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. மருந்துக்கடையில் உழைத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்த அப்பெரியார், 1785ஆம் ஆண்டில் ஆப்பிள் சாற்றிலிருந்து மாலிக் அமிலத்தைப் பிரித்தார். டார்டாரிக் அமிலத்தை அதற்கும் முன்னரே பிரித்திருந்தார்.

இனி ஒரு திராட்சைமணியின் வாழ்க்கையைக் கவனியுங்கள். பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்தது முதல் மணி விரைவாகப் பருக்கிறது. இந்தக் காலத்தில் அது பச்சையாக, கல்லைப்போல் கடினமாக, கடும் புளிப்பாக இருக்கும். உள்ளே விதை இன்னும் முற்றவில்லை. முற்றாத விதையைப் பறவை விழுங்கினால் செடிக்குப் பயனில்லை. இலையோடு மறைந்துகொள்ளும் நிறம், கொத்தினால் வழுக்கும் கடினம், கூசவைக்கும் புளிப்பு ஆகிய மூன்றும் அவ்விதைக்குக் காவல். பிறகு வளர்ச்சி சில நாள் தேங்கி நிற்கும். அதற்கடுத்து, ஏறத்தாழ ஒரே வாரத்தில் எல்லாம் மாறும். மணி மென்மையடையும், கருந்திராட்சையாயின் செந்நிறம் பாயும், வெண்திராட்சையாயின் தோல் தெளிந்து ஒளி ஊடுருவும். இலைகள் செய்த சர்க்கரை உள்ளே கொட்டத் தொடங்கும். அதே நேரத்தில் மணி தன் மூச்சுக்கு மாலிக் அமிலத்தையே எரிபொருளாக்கிக்கொள்ளும். ஆகையால் புளிப்பு மளமளவென்று இறங்கும். டார்டாரிக் அமிலம் அவ்வாறு எரிந்துபோவதில்லை. மணி பருக்கப் பருக்க நீரில் கலந்து அதன் வீரியம் குறையும், அவ்வளவே.

அளவுகளைச் சொன்னால் விளங்கும். நிறம் மாறுமுன் பறித்த காயின் சாற்றில் லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரையும், சிலபோது அதற்கு மேலும் அமிலம் இருக்கும். சர்க்கரையோ நூற்றுக்கு 4 முதல் 6 பங்குதான். உண்ணத்தக்க பழத்தில் அமிலம் லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் வரை இறங்கிவிடும். சர்க்கரை நூற்றுக்கு 15க்கு மேல் ஏறிவிடும். காய்ச்சாறு செய்ய உகந்த காலம், மணி பருத்து முடிந்து, நிறமும் மென்மையும் வருவதற்குச் சற்று முற்பட்ட நாள்கள். அதற்கு முன் பறித்தால் சாறு மிகக் குறைவு, துவர்ப்பும் மிகுதி. அதற்குப் பின் பறித்தால் புளிப்பும் சேராமல் இனிப்பும் சேராமல் இரண்டுங்கெட்டானாக இருக்கும். வெப்பம் மிகுந்தால் மாலிக் அமிலம் இன்னும் விரைவாக எரியும். ஆகவே நம் நாட்டில் இந்த நாள்கள் குறுகியவை. விரலிடையே ஒரு மணியை வைத்து அழுத்திப் பாருங்கள். எளிதில் நசுங்காமல், நசுங்கும்போது தெளிந்த நீர் பீறிட்டால், அதுவே பதம். உரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, தம்முடைய இயற்கை வரலாற்று நூலில், காய் கொண்டைக்கடலை அளவாக இருக்கும்போதே பறிக்கவேண்டும் என்கிறார். மருந்துக்கு அவ்வளவு இளங்காய் பொருந்தியிருக்கலாம். சமையலுக்கு இன்னும் சற்றுப் பொறுக்கலாம் என்பது என் கருத்து.

பிளினியின் காலத்துக்குப் பின்பும் இச்சாற்றின் செல்வாக்கு நெடுங்காலம் நிலைத்தது. 1226ஆம் ஆண்டில் பாக்தாது நகரத்தவரான அல் பாக்தாதி என்பவர் தொகுத்த சமையல் நூலில், இதனை ஊற்றிச் சமைக்கும் இறைச்சி உணவு ஒன்று 'ஹிஸ்ரிமிய்யா' என்று இதன் பெயராலேயே வழங்குகிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்துக் கணவர் ஒருவர், தம் இளம் மனைவி இல்லறம் நடத்தக் கற்றுக்கொள்வதற்கென்று ஒரு நூல் எழுதினார். அதன் சமையற் பகுதியில் பக்கத்துக்குப் பக்கம் காய்ச்சாறு வருகிறது. டிழோன் நகரத்துக் கடுகு விழுது புகழ் பெற்றதும் காடிக்குப் பதிலாக இச்சாற்றைச் சேர்த்து அரைத்ததால்தான். எலுமிச்சை எங்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின் ஐரோப்பியர் இதனைப் பெரும்பாலும் மறந்தனர். பாரசீகத்தார் மட்டும் மறக்கவே இல்லை. இன்றைக்கும் ஈரானில் கோடை பிறந்தால் கூடை கூடையாகத் திராட்சைக்காய் கடைத்தெருவுக்கு வருகிறது. மறந்த நாடுகளில் மீண்டும் இதற்கு வாழ்வு வந்தது அண்மைக் காலத்தில்தான். தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் மேகி பீர் என்னும் சமையற்கலை அம்மையார் 1984ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்காகத் தயாரித்தார். அதன் பின்னர்ப் பல நாட்டுச் சமையலறைகளில் இது மறுபடியும் புகுந்தது.

நமக்குக் காய் எங்கே கிடைக்கும்? ஈரானியருக்குக் கோடைத் தொடக்கத்தில் சில வாரங்களே காய்க்காலம். நமக்கோ அந்தக் கட்டுப்பாடு இல்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் கொடியைக் கவாத்துச் செய்யும் காலத்தை மாற்றி மாற்றி வைத்து ஆண்டு முழுவதும் அறுவடை செய்கிறார்கள். அங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆண்டு முழுவதும் பழம் உண்டென்றால் ஆண்டு முழுவதும் காயும் உண்டன்றோ? மேலும், விதையில்லாத் திராட்சை பயிரிடுவோர், எஞ்சியவை நன்கு பருக்கவேண்டும் என்பதற்காகக் குலையில் நெருங்கியிருக்கும் காய்களைக் கத்தரித்துக் கீழே தள்ளுவது வழக்கம். அவ்வாறு தள்ளும் காய்கள் மண்ணுக்கே போகின்றன. 'வீணாகும் பொருளைப் பயன்படுத்தினால் என்ன?' என்று எவர்க்கும் தோன்றும். எனக்கும் தோன்றிற்று.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அந்தப் பக்கத்தில் திராட்சை பயிரிடுகிறார். தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தபோது, பந்தலின் கீழே சிதறிக் கிடந்த காய்களைக் காட்டி, "தம்பி, இவற்றில் இரண்டு கிலோ எனக்குப் பொறுக்கிக் கொடுப்பாயா?" என்று கேட்டேன். அவர் சிறிது தயங்கினார்.

"ஐயா, பழுத்தபின் வாருங்கள், எத்தனை கிலோ வேண்டுமானாலும் தருகிறேன். இந்தக் காயை மட்டும் கேட்காதீர்கள்" என்றார்.

"ஏன் தம்பி?"

"நான்கு நாளைக்கு முன்புதான் மருந்து அடித்தோம். அதன் வீரியம் அடங்க இன்னும் நாள் ஆகும். பழம் பறிக்கும் தேதியைக் கணக்கிட்டுத்தான் ஐயா நாங்கள் மருந்து அடிக்கிறோம். காய் பறிக்கும் தேதியை யார் கணக்கிடுகிறார்கள்?"

நான் முதலில் குறிப்பிட்ட பெரிய தீங்கு இதுதான். அம்மாணவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். பயிர்க்காப்பு மருந்து ஒவ்வொன்றுக்கும், தெளித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே கழியவேண்டிய நாள்கள் இத்தனை என்று விதித்திருக்கிறார்கள். மருந்தோடு வரும் தாளிலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். அந்த நாள்களுக்குள் வெயிலும் காற்றும் செடியின் உயிர்ச்செயலும் மருந்தைச் சிதைத்துக் குறைக்கும். பழத்துக்கு வைத்த அந்தத் தவணையின் நடுவிலே நாம் காயைப் பறித்தோமானால், பாதுகாப்புக்காக வகுத்த விதியைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். கழுவினால் போகாதா என்று கேட்பீர்கள். தோலின்மேல் படிந்திருப்பது ஓரளவு போகும். செடியின் உடலுக்குள் ஊடுருவிப் பரவும் மருந்தாயின் எத்தனை முறை கழுவினாலும் போகாது.

திராட்சைக்கொடிக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு பழையது. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரான்சில் போர்தோ நகரத்துக்கு அருகே, வழிப்போக்கர் குலைகளைத் திருடாதபடி, சாலையோரக் கொடிகளின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீரைத் தோட்டக்காரர்கள் தெளித்துவந்தார்கள். நீலம் பூத்த பழத்தை யார் தொடுவார்? தாவர நூல் பேராசிரியர் மில்லார்தே அவ்வழியே சென்றபோது, தோட்டமெங்கும் அடிச்சாம்பல் நோயால் இலைகள் கருகி உதிர்ந்திருக்க, சாலையோரத்துக் கொடிகள் மாத்திரம் செழித்து நிற்பதைக் கண்டார். ஆராய்ச்சி செய்து 1885ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். போர்தோ கலவை என்று இன்றும் உழவர்கள் பயன்படுத்தும் மருந்து அதுவே. திருடரை விலக்கத் தெளித்தது பூஞ்சையை விலக்கிற்று. கொடி அதனால் பிழைத்தது. ஆனால் அன்று முதல் திராட்சைத் தோட்டத்தில் எதையும் பறித்தவுடன் வாயில் போட்டுக்கொள்ளும் உரிமை நமக்குப் போயிற்று.

ஆகையால் என் அறிவுரை இது. வீட்டுப் பந்தலில் மருந்து தெளிக்காமல் வளர்த்த கொடியின் காயே முதல் தரம். தோட்டத்துக் காயாயின், கடைசியாக என்ன மருந்து, என்றைக்குத் தெளித்தார்கள் என்று உழவரையே கேட்டறிந்து, உரிய நாள்கள் கழிந்தனவற்றையே வாங்கவேண்டும். கேட்டறிய வழியில்லையேல் வாங்கவேண்டா. அந்த மாணவரின் காயை நானும் வாங்கவில்லை. என் வீட்டுப் பந்தலில் இருந்த பன்னீர்த் திராட்சைக் காய்களையே பயன்படுத்தினேன்.

இனிச் செய்முறைக்கு வருவோம். காம்பு கசப்பையும் துவர்ப்பையும் கொடுக்குமாதலால், காய்களைக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொள்ளவும். வெடித்தவற்றையும் அழுகியவற்றையும் நீக்கி, மூன்று நான்கு முறை நீர் மாற்றி அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி ஈரம் உலர்த்தவும். தோலின்மேல் வெண்மையாகப் படர்ந்திருப்பதைக் கண்டு மருந்தென்று அஞ்சவேண்டா. அது செடி தானே பூசிக்கொண்ட மெழுகு. விரலால் தேய்த்தால் மறையும்.

பாத்திரத்தில் கவனம் தேவை. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் நம் பாட்டிமார் புளி கரைத்து வைப்பதில்லை. புளியின் அமிலம் செம்பை அரித்துக் களிம்பேற்றும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அதே அமிலம் இங்கும் இருக்கிறது. பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றை விலக்கி, கல், பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் ஆகியவற்றையே பயன்படுத்தவும்.

காய்களைக் கல்லுரலில் மர உலக்கையால் மெதுவாக இடிக்கலாம். மிக்ஸியில் போடுவதாயின் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓட்டினால் போதும். கூழாக அரைத்துவிடக் கூடாது. விதை அரைபட்டால் கசக்கும். பிறகு மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, முறுக்கிப் பிழியவும். நல்ல பதமான காய் 1 கிலோவுக்கு 400 முதல் 500 மில்லி வரை சாறு கிடைக்கும். எனக்கு முதல் முறை கிடைத்தது 420 மில்லி. பிழிந்தவுடன் இளம்பச்சையாக இருக்கும் சாறு சிறிது நேரத்தில் மங்கி வைக்கோல் நிறத்தை அடையும். நறுக்கிய வாழைத்தண்டு கறுக்கிறதே, அதே காரணந்தான். காற்றிலுள்ள பிராணவாயு சாற்றிலுள்ள சில பொருள்களோடு சேர்கிறது. இதனால் கெடுதல் இல்லை. சாற்றை மூடி ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வைத்தால் மண்டி அடியில் தங்கும். மேலே உள்ள தெளிவை ஆட்டாமல் வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ளவும்.

இந்தத் தெளிவை அப்படியே புட்டியில் அடைத்து அலமாரியில் வைத்தால் என்ன? இங்கேதான் கணக்குப் போடவேண்டும். சாற்றில் நூற்றுக்கு 5 பங்கு சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 கிராம். ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் அதிற் புகுந்து அவ்வளவையும் நொதிக்கச் செய்தால், பாதியளவு சாராயமாகவும் ஏறத்தாழப் பாதியளவு கரியமில வாயுவாகவும் மாறும். அந்த வாயுவின் கன அளவு என்ன என்று கல்லூரி மாணவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் சாற்றுக்குப் பத்து லிட்டருக்கு மேல் வரும். இறுக மூடிய புட்டிக்குள் அது எங்கே போகும்?

இந்த ஈஸ்டு எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1878ஆம் ஆண்டில் ஆர்புவா என்னும் ஊரிலிருந்த தம் தோட்டத்தில், காய்கள் பச்சையாக இருக்கும்போதே சில கொடிகளின்மேல் கண்ணாடி வீடுகளை எழுப்பினார். குலைகளைப் பஞ்சாலும் சுற்றினார். பழுத்தபின் அவற்றை நசுக்கி வைத்தபோது சாறு நொதிக்கவில்லை. வெளியே காற்றில் பழுத்தவை வழக்கம்போல் நொதித்தன. பச்சைக்காயின்மேல் ஈஸ்டு இல்லை, காய் பழுக்கும் காலத்தில்தான் அது வெளியிலிருந்து வந்து சேருகிறது என்பது அவர் முடிவு. இதனால் நமக்கு ஓரளவு அனுகூலம் உண்டு. பழத்தைவிடக் காயில் பகை குறைவு. ஆயினும் நம் கை, துணி, பாத்திரம், சமையலறையின் காற்று ஆகியவற்றின் வழியே அது வந்துவிடக்கூடும். எனவே எல்லாவற்றையும் வெந்நீரில் அலசுவது முதற்காவல்.

இரண்டாவது காவலும் பாஸ்டர் தந்ததே. திராட்சை மதுவை மிதமாகச் சூடாக்கினால் கெடாது என்று கண்டு 1865ஆம் ஆண்டில் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். பால் முதலியவற்றுக்கு இன்று கையாளும் முறைக்கு அவர் பெயரே நிலைத்திருக்கிறது. காய்ச்சாற்றை எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஊற்றி 80 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கி, மூன்று நான்கு நிமிடம் அந்நிலையில் வைத்திருக்கவும். வெப்பமானி இல்லையெனில், ஆவி நன்றாக எழுந்து, பாத்திரத்தின் விளிம்பில் சிறு குமிழிகள் வரிசையாகத் தோன்றும் நிலையைக் குறியாகக் கொள்ளலாம். தளதளவென்று கொதிக்க விடவேண்டா. காய்ச்சிய மணம் ஏறிவிடும். கண்ணாடிப் புட்டிகளையும் மூடிகளையும் முன்னதாகவே பத்து நிமிடம் நீரில் கொதிக்கவைத்து எடுத்து, அவை சூடாக இருக்கும்போதே சூடான சாற்றை ஊற்றி உடனே மூடவேண்டும். குளிர்ந்த புட்டியில் சூடான சாற்றை ஊற்றினால் கண்ணாடி விரிசல் காணும். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே பள்ளி மாணவர்கள் இதனைச் செய்யவேண்டும்.

மூன்றாவது காவல் சாற்றினுள்ளேயே இருக்கிறது. அமிலத்தின் வலிமையைப் 'பி.எச்.' என்னும் எண்ணால் அளக்கிறோம். தூய நீருக்கு 7. எண் குறையக் குறைய அமிலம் வலியது. காய்ச்சாற்றுக்கு இது பெரும்பாலும் 2.5க்கும் 3க்கும் இடையே இருக்கும். அடைத்து வைத்த உணவுகளில் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர் 4.6க்குக் கீழே வளராது. ஆகவே அந்த அச்சம் இங்கில்லை. ஈஸ்டும் பூஞ்சையும் மட்டுமே இந்தப் புளிப்பைப் பொருட்படுத்தாதவை. அவற்றுக்காகத்தான் சூடும் தூய்மையும். திறக்கும்போது வாயு சீறினாலும், மேலே பூஞ்சை ஆடை படர்ந்திருந்தாலும் சாற்றைக் கொட்டிவிடுங்கள். ஆடையை மட்டும் எடுத்தெறிந்துவிட்டுப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டா. திறந்த புட்டியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து நான்கு வாரத்துக்குள் செலவழிப்பது நல்லது. பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்வது இன்னும் எளிது.

ஈரானில் சாற்றோடு உப்பைக் கலந்து கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, பல நாள் வெயிலில் வைத்துப் பதப்படுத்தும் வழக்கமும் உண்டு. அந்தச் சாறு செம்பழுப்பாக மாறித் தனி மணம் பெறும். வறண்ட வெயிலுள்ள நாட்டுக்கு அது ஏற்றது. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவற்றுக்குப் பயன்படும்? எலுமிச்சையைப்போல் சுள்ளென்று தாக்காமல், நின்று மெல்லப் பரவும் புளிப்பு இது. ஆகவே வெள்ளரியும் பாசிப்பருப்பும் சேர்ந்த கோசுமல்லிக்கு மிகவும் பொருந்தும். கத்தரிக்காயோடு இது சேர்ந்தால் எவ்வளவு சுவை என்பதை ஈரானியரின் குழம்புகள் அறியும். சர்க்கரையும் நீரும் கூட்டிச் சர்பத்தாகவும் பருகலாம். ரசத்துக்கு மட்டும் வேண்டா. புளி கொடுக்கும் நிறமும் திண்மையும் இதற்கில்லை. நீர் கலவாமல் வெறுஞ்சாற்றைக் குடிப்பதும் கூடாது. பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். தந்தையர் தின்ற திராட்சைக்காயால் பிள்ளைகளின் பல் கூசிற்று என்றொரு பழமொழி எபிரேயரிடையே வழங்கியதையும், அதனை இனிச் சொல்லாதீர்கள் என்று அவர்களுடைய தீர்க்கதரிசிகள் இருவர் மறுத்ததையும் விவிலியத்தில் காணலாம். பிள்ளைகளுக்குக் கூசாது, தின்றவர்க்குக் கூசும் என்பதில் ஐயமில்லை.

சில வாரங்கள் கழித்துக் குளிர்ப்பெட்டியிலுள்ள புட்டியை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், அடியில் கண்ணாடித் தூள்போல் ஏதோ மின்னுவது தெரியும். பதறிக் கொட்டிவிடாதீர்கள். டார்டாரிக் அமிலமும் காயிலுள்ள பொட்டாசியமும் சேர்ந்த உப்பு அது. குளிரில் கரையும் தன்மை குறைவதால் படிகமாகப் பிரிந்து படிகிறது. தீங்கற்றது, அடுமனைகளில் மாவைப் பொங்கவைக்கச் சேர்க்கும் பொருள்களுள் இதுவும் ஒன்று. பாஸ்டர் இருபத்தைந்து வயது இளைஞராக இருந்தபோது, 1848ஆம் ஆண்டில், இந்த அமிலத்தின் உப்பு வகை ஒன்றன் படிகங்களைத்தான் உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். வலக்கையும் இடக்கையும்போல ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழலான இருவகைப் படிகங்கள் கலந்திருப்பதைக் கண்டார். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியல்களாக்கினார். ஒன்றன் கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பிற்று. மற்றதன் கரைசல் இடப்பக்கம் திருப்பிற்று. மூலக்கூறுகளுக்கும் வலம் இடம் உண்டு என்னும் பெரிய உண்மை அப்போது வெளிப்பட்டது. திராட்சையும் நம் புளியும் ஆக்குவது வலப்பக்கம் திருப்பும் வகை.

உங்கள் புட்டியின் அடியில் கிடைக்கும் படிகங்களை வடிகட்டி எடுத்து, சிறிதளவு வெந்நீரில் கரைத்து, அசைக்காமல் ஓர் இரவு ஆறவிடுங்கள். மறுநாள் காலையில் பெரிய படிகங்கள் திரண்டிருக்கும். பள்ளியின் உருப்பெருக்கியில் வைத்து அவற்றின் முகங்களை எண்ணிப் பாருங்கள். எஞ்சிய துளியோடு ஒரு சிட்டிகை ஆப்பச்சோடாவைச் சேர்த்தால் நுரைத்துப் பொங்கும். அந்த நுரையிலுள்ள வாயு எது என்பதை உங்கள் இரசாயன ஆசிரியரிடம் கேட்பதற்கு முன், சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தி நீங்களே கண்டுகொள்ளுங்கள்.